அவசர வழி

மில்வாக்கி, பிப்ரவரி. ஏரி பாதி உறைந்து
பாதி யோசித்துக்கொண்டிருந்தது.
புகார் எண் ஏழு ஒன்று நான்கு:
சலவை நிலையத்தின் மாடியில்
யாரோ கரி மூட்டுகிறார்கள்.
எழுதியவள் பக்கத்துக் கட்டிடத்து வாண்டா கோவால்ச்சிக்.
என் மூக்கு பொய் சொல்லாது என்று
கீழே கோடு போட்டிருந்தாள்.

படியேறினேன்.
பூட்ஸில் சாலை உப்பு. இடுப்பில்
ரேடியோ, டார்ச், அளவு நாடா.
கையில் வாயுமானி.
தீயணைப்பில் பதினெட்டு வருடம்,
கடைசிப் பதினொன்று சோதனைக்காரனாக.
கதவே திறக்காதவர்களைத் தெரியும்,
திறந்ததும் அழுபவர்களைத் தெரியும்.

இவள் திறந்தாள். குனிந்து வணங்கினாள்.
ஃபூமியே நாகசோனே.
பகலில் பல் மருத்துவரிடம் கணக்கு எழுதுபவள்.
"சனிக்கிழமை ஐந்து பேர் வருவார்கள்.
இன்று வியாழன், நீங்கள் ஒருவர்."

உள்வாசலைக் காட்டினாள்.
வாசலா அது?
நாடாவை இழுத்தேன்: உயரம் இருபத்தாறு அங்குலம்,
அகலம் இருபத்தைந்து.
விதி கேட்பது முப்பத்திரண்டு. குறித்துக்கொண்டேன்.
"இதில் எப்படிப் போவது?"
"எல்லோரும் போவது போல."

பட்டி நிலையில் மாட்டியது. கழற்றினேன்.
பிறகு ரேடியோ. பிறகு பூட்ஸ்.
சாக்ஸ் ஓட்டையில்
பெருவிரல் எட்டிப் பார்த்தது.
புகைக்குள் எத்தனையோ முறை தவழ்ந்திருக்கிறேன்.
புகை இல்லாத அறைக்குள்
இதுதான் முதல்முறை.

நாலரைப் பாய். நடுவில் சதுரக் குழி.
சாம்பல் மேல் மூன்று துண்டுக் கரி,
சிவந்து, அடக்கமாக.
மானி நான்கு காட்டியது, கொஞ்சம் பொறுத்து ஆறு.
முப்பத்தைந்தில் அலறும்.
"மின்சார அடுப்பு வைக்கலாமே?"
"இந்தச் சத்தம் வராது."
"சத்தத்துக்காகவா?"
"சத்தத்துக்காகத்தான்."

வாதாடவில்லை அவள்.
இரும்புக் கெட்டில் முனகத் தொடங்கியது.
சுவருக்குள் ஓடும் தீயை
காதால் கண்டுபிடிக்கத் தெரிந்தவன் நான்,
சுவரில் உள்ளங்கை வைத்து, மூச்சைப் பிடித்து.
அதே காதுதான்.
இன்று அது தேட ஒன்றுமில்லை,
விழவிருக்கும் கூரையும் இல்லை.

முதலில் இனிப்பு. வெள்ளை பீன்ஸ் மசியல்,
டின் பீன்ஸ்தான் என்று தானே ஒப்புக்கொண்டாள்.
பிறகு கிண்ணத்தில் பச்சைத் தூள்,
வெந்நீர், மூங்கில் துடைப்பத்தின் சரசரப்பு.
கிண்ணத்தைத் திருப்பிக் குடிக்க வேண்டுமாம்.
தப்பான பக்கம் திருப்பினேன்.
கண்டுகொள்ளாத மாதிரி
கரியைப் பார்த்தாள்.

ஜூலையில் புல் வெட்டிய மறுநாள்
பூட்ஸில் ஒட்டியிருக்குமே, அந்த வாசம்.
கசப்பு. அதன் பின்னால் இன்னொன்று,
பெயர் வைக்கவில்லை.

வாசலுக்கு வெளியே ரேடியோ இரைந்தது:
தெற்குப் பக்கம், சமையலறைத் தீ, இரண்டு வண்டி.
என் பழைய குழு.
முழங்கால் தானாக எழப் பார்த்தது.
கையில் பாதிக் கிண்ணம்.
உட்கார்ந்தேன்.
கடைசி மிடறைச் சத்தமாக உறிஞ்சினேன்,
அதுதான் மரியாதையாம். எனக்கு அது தெரியாது,
அவசரம், அவ்வளவுதான்.

அப்புறம் வேலை.
பின்சுவரில் ஒரு ஜன்னல்,
வெளியே இரும்பு ஏணி. சட்டம்
மூன்று பூச்சுப் பெயின்டில் ஒட்டிக்கிடந்தது.
நான் கத்தியால் கீற, அவள் தோளால் தள்ள,
இருவரும் ஏதோ முனக,
திறந்தது.
ஏரிக்காற்று பாய்ந்து வந்து
கரியை ஊதிவிட்டது.
கெட்டிலின் குரல் ஒரு படி ஏறியது.
மானி பூஜ்யம்.

"கரி இருக்கும்போதெல்லாம் இரண்டு அங்குலம் திறந்திருக்கணும்."
"குளிருமே."
"குளிரட்டும்."
வெளிவழி ஒன்று, ஜன்னல் என்று எழுதினேன்.
அந்தச் சின்ன வாசலுக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.
மறு சோதனை: மார்ச்.

இறங்கி வந்தால்
சோப்பு வாசத்துக்கு நடுவே வாண்டா,
கோட்டுக்குள் கைகட்டி.
"என்ன எரிந்தது?"
"தண்ணீர் கொதித்தது."
என் சட்டையை முகர்ந்தாள்.
"தண்ணீர் கொதிக்க
ஒரு மணி நேரமா?"